எதிராளியும் ஏலத்தில் இருக்கும்போது ஸ்லாம்: எப்போது ஏறுவது, எப்போது நிற்பது

பிரிட்ஜ் ஆட்டத்தில் மொத்தம் 13 பிடிகள். அவற்றில் 12 பிடிகளை எடுப்போம் என்று ஏலத்திலேயே ஒப்புக்கொண்டு எடுத்துக் காட்டுவது சிறிய ஸ்லாம். பதின்மூன்றையும் எடுப்பது பெரிய ஸ்லாம். இவற்றுக்குக் கிடைக்கும் கூடுதல் பரிசுப் புள்ளிகள்தான் ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடியவை. ஹரால்டு வாண்டர்பில்ட் 1925இல் ‘ஃபின்லாந்து’ என்ற கப்பலில் பனாமா கால்வாய் வழியாக ஹவானாவுக்குப் பயணம் செய்தபோது, புதிய புள்ளிமுறை ஒன்றை நண்பர்களோடு ஆடிப் பார்த்தார். கேட்டுப் பிடித்த பிடிகளுக்கு மட்டுமே பரிசு என்பது அந்த முறையின் உயிர். கேட்காமல் 12 பிடி எடுத்தால் கேம் போனஸோடு (4 இஸ்பேட் போன்ற நடுத்தர ஏலத்துக்கான பரிசோடு) சரி. வல்னரபிள் நிலையில், அதாவது பரிசும் அபராதமும் கூடுதலாக இருக்கும் நிலையில், சிறிய ஸ்லாமுக்கு 750, அல்லாத நிலையில் 500. பெரிய ஸ்லாமுக்கு முறையே 1500, 1000 என்பது இன்றைய கணக்கு. எனவே ஸ்லாம் இருக்கிறது என்பதை ஏலத்திலேயே கண்டுபிடித்தாக வேண்டும்.

304 ஆடிப் பழகிய தமிழர்களுக்கு ஏலம் கேட்பது புதிதல்ல. ஆனால் அங்கே கேட்கும் எண் ஒரு பந்தயம் மட்டுமே. பிரிட்ஜில் அதுவே கூட்டாளிக்கு அனுப்பும் செய்தியும் ஆகும். எதிராளிகள் வாயைத் திறக்காமல் இருந்தால் இந்தச் செய்திப் பரிமாற்றத்துக்கு நேரமும் இடமும் தாராளமாகக் கிடைக்கும். ஏலத்தில் சொல்லும் எண்ணே அதன் மட்டம்; அது ஆறு பிடிகளுக்கு மேல் எத்தனை பிடி என்பதைக் குறிக்கும். 6 இஸ்பேட் என்றால் இஸ்பேட் துருப்பில் 12 பிடி. நாம் 1 இஸ்பேட் என்று தொடங்கி, கூட்டாளி 3 இஸ்பேட் என்று உயர்த்தினால், அதன்பின் 4 கிளாவர், 4 டைமண்ட், 4 ஆட்டின் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு தகவலைச் சொல்லிக்கொண்டே போகலாம். பொருந்தவில்லை என்றால் 4 இஸ்பேடில் நின்றுவிடலாம். எதிராளி நடுவில் புகுந்து 4 ஆட்டின் என்று குதித்துவிட்டால், இந்தப் படிகள் அனைத்தும் ஒரே நொடியில் பறிபோகின்றன. அவர் அப்படிக் குதிப்பதன் நோக்கமே பெரும்பாலும் அதுதான்.

புதிதாக ஆடுபவர்கள் இந்த இடத்தில் செய்யும் தவறு, பறிபோன இடத்தை எண்ணிக் கவலைப்பட்டு, வந்து சேர்ந்த தகவலைக் கவனிக்காமல் விடுவது. எதிராளி ஏலம் கேட்கும்போது தன் கையைப் பற்றி நம்மிடமும் பேசுகிறார். அவருடைய நீண்ட இனம் எது, விடுபட்ட பெரிய சீட்டுகள் யாரிடம் இருக்கக்கூடும், நம் கூட்டாளிக்கு அந்த இனத்தில் எத்தனை சீட்டு இருக்க முடியும் என்பவற்றை அவர் இலவசமாகச் சொல்லிவிடுகிறார். எனவே போட்டி ஏலத்தில் ஸ்லாமுக்குப் போவதா என்ற முடிவு, ‘நம்மிடம் எத்தனை புள்ளி’ என்பதைவிட ‘நம் புள்ளிகள் எந்த இனத்தில் இருக்கின்றன’ என்பதையே சார்ந்திருக்கிறது. இதை ஒரு முழு உதாரணத்தில் பார்ப்பதுதான் எளிது.

ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1 என்ற வழக்கமான கணக்கில் கட்டு முழுவதிலும் 40 புள்ளிகள். துருப்பில்லா ஆட்டத்தில் சிறிய ஸ்லாமுக்கு இரு கைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 33 புள்ளி தேவை என்பது எல்லாத் தொடக்க வகுப்பிலும் சொல்லித்தரும் அளவுகோல். இப்போது தெற்கின் கை இது: இஸ்பேடில் ஏஸ், ராணி, ஜாக்கி, 8, 4, ஆட்டினில் 6 மட்டும், டைமண்டில் ராஜா, ராணி, 7, 2, கிளாவரில் ஏஸ், 8, 3. பதினாறு புள்ளிகள். நாம், அதாவது வடக்கும் தெற்கும், வல்னரபிள், எதிராளிகள் இல்லை. தெற்கு 1 இஸ்பேட் கேட்கிறார். மேற்கு 2 ஆட்டின் என்று குறுக்கிடுகிறார். வடக்கு 3 ஆட்டின், கிழக்கு 4 ஆட்டின்.

வடக்கு கேட்ட 3 ஆட்டினை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். எதிராளியின் இனத்தையே நாம் கேட்பதற்கு க்யூ பிட் என்று பெயர். ஆட்டினைத் துருப்பாக்கி ஆடும் ஆசையில் வடக்கு இதைக் கேட்கவில்லை. ‘உங்கள் இஸ்பேட் எனக்குப் பொருந்துகிறது, கேமுக்கு அழைக்கும் அளவிலோ அதற்கு மேலோ வலுவும் இருக்கிறது’ என்பதே இதன் பொருள். அதே இடத்தில் வடக்கு நேராக 4 இஸ்பேடுக்குத் தாவியிருந்தால், நிறைய இஸ்பேட் இருக்கிறது, புள்ளி குறைவு, எதிராளியின் வழியை அடைக்கிறேன் என்றே பெரும்பாலான கூட்டாளிகள் எடுத்துக்கொள்வார்கள். ஸ்லாமின் விதை இந்த இடத்தில்தான் விழுகிறது. வலுவை உடனே சொல்லாமல் ‘அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டால், அடுத்த சுற்று வரும்போது ஏலம் ஐந்தாம் மட்டத்தில் இருக்கும். அப்போது எதைச் சொன்னாலும் அது போட்டிக்காகக் கேட்டதா ஸ்லாமுக்காகக் கேட்டதா என்று கூட்டாளிக்குத் தெரியாது.

இப்போது தெற்கு யோசிக்கிறார். மேற்கு இரண்டாம் மட்டத்தில் குறுக்கிட்டதால் ஐந்து ஆட்டினாவது இருக்க வேண்டும். கிழக்கு நான்காம் மட்டத்தில் ஆதரித்ததால் அவரிடம் நான்காவது இருக்கும். ஒன்பது அங்கே, ஒன்று என்னிடம், எனவே வடக்கிடம் மூன்றோ அதற்குக் குறைவோ. மேலும் மேற்கு நல்ல ஆட்டின் இல்லாமல் இவ்வளவு துணிந்திருக்க மாட்டார் என்பதால், வடக்கிடம் இருப்பவை பெரும்பாலும் சிறிய சீட்டுகளே. அப்படியானால் வடக்கின் பத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் மற்ற மூன்று இனங்களில் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் என் கையோடு சேர்ந்து உழைக்கும்.

உழைக்கும் புள்ளி, வீணாகும் புள்ளி என்ற இந்த வேறுபாடுதான் கட்டுரையின் மையம் என்பதால், வடக்குக்கு இரண்டு கைகளைக் கொடுத்துப் பார்ப்போம். முதல் கை: இஸ்பேடில் ராஜா, 10, 7, 5, ஆட்டினில் 8, 4, 2, டைமண்டில் ஏஸ், ஜாக்கி, 5, கிளாவரில் ராஜா, 9, 4. பதினொரு புள்ளி. இரண்டாவது கை: இஸ்பேட் அதேதான், ஆட்டினில் ராஜா, ராணி, 4, டைமண்டில் ஜாக்கி, 6, 5, கிளாவர் அதேதான். பன்னிரண்டு புள்ளி. காகிதத்தில் இரண்டாவது கையே வலுவானது.

ஆடிப் பாருங்கள். முதல் கையோடு, ஆட்டினில் ஒரு பிடியை மட்டும் இழக்கிறோம். துருப்புகளை இழுத்துவிட்டு டைமண்டில் நான்கு பிடி எடுக்கிறோம்; நான்காவது டைமண்டில் வடக்கின் கிளாவர் ஒன்றைக் கழித்துவிட்டு, ஏஸ், ராஜாவுக்குப் பின் தெற்கின் மூன்றாவது கிளாவரை வடக்கின் துருப்பால் வெட்டுகிறோம். இஸ்பேடில் ஐந்து, வெட்டில் ஒன்று, டைமண்டில் நான்கு, கிளாவரில் இரண்டு: பன்னிரண்டு பிடி. எதிராளிகளிடம் உள்ள நான்கு இஸ்பேடும் ஒரே கையில் குவிந்திருந்தால்தான் இந்தத் திட்டம் கெடும். அது பத்தில் ஒரு முறைகூட நேர்வதில்லை. இரண்டாவது கையோடோ, ஆட்டின் ஏஸும் டைமண்ட் ஏஸும் எதிராளிகளிடம் இருப்பதால் பதினொன்றுக்கு மேல் எந்த வித்தையாலும் வராது. ஒரு புள்ளி கூடியது, ஒரு பிடி குறைந்தது.

இதைக் கணக்கிட ஒரு குறுக்குவழி உண்டு. தெற்கிடம் ஆட்டின் ஒற்றைச் சீட்டாக இருப்பதால், ஆட்டினில் உள்ள 10 புள்ளிகளையும் மனத்துக்குள் கட்டிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சம் 30 புள்ளிகள்தான். முதல் கையோடு அந்த 30இல் 27 நம்மிடம் இருக்கிறது. இரண்டாவது கையோடு 23 மட்டுமே. நாற்பதில் எண்ணினால் 27, 28 என்று தெரியும் இரு கைகளும், முப்பதில் எண்ணும்போது எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

சரி, தெற்கு இதை எப்படிக் கேட்டு அறிவது? 4 ஆட்டினுக்கு மேல் அவர் 4 இஸ்பேட் கேட்டால் கதை அங்கேயே முடியலாம். அதற்குப் பதிலாக 5 கிளாவர் கேட்கிறார். இஸ்பேட் பொருந்திவிட்ட பின் வரும் இந்தப் புதிய இனம், ‘கிளாவரில் ஏஸ் இருக்கிறது, ஸ்லாமில் எனக்கு ஆர்வமும் இருக்கிறது’ என்று சொல்கிறது. இப்படிக் கேட்டதும் 5 இஸ்பேட் வரை போயே ஆக வேண்டும் என்பதால், அதற்கு முன் அவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பதில் பிடிக்காவிட்டால் 5 இஸ்பேடாவது வருமா? மேலே பார்த்த இரண்டாவது கையோடும் பதினொரு பிடி வந்தது. எனவே இந்தத் தேடல் பாதுகாப்பானது. ஐந்தாம் மட்டத்திலேயே தோற்கும் அபாயம் இருந்தால், ஸ்லாமைத் தேடாமல் இருப்பதே நல்ல ஆட்டம்.

முடிவு இனி வடக்கின் கையில். முதல் கையை வைத்திருப்பவர், ‘மூன்று சிறிய ஆட்டின், எதிராளிகளிடம் ஒன்பது, எனவே என் கூட்டாளியிடம் ஒன்றுதான் இருக்க முடியும், என் புள்ளி ஒன்றுகூட ஆட்டினில் இல்லை’ என்று உணர்ந்து, 5 டைமண்ட் கேட்டு அந்த ஏஸைக் காட்டுவார், தெற்கு 6 இஸ்பேடுக்குப் போவார். இரண்டாவது கையை வைத்திருப்பவர், தன் ராஜாவும் ராணியும் ஒற்றைச் சீட்டுக்கு எதிரே வீணாகக் கிடப்பதை அறிந்து 5 இஸ்பேடில் நிறுத்திவிடுவார். யாரும் யாரிடமும் புள்ளி எண்ணிக்கையைக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எதிராளியின் இனத்தில் மிக மோசமான இருப்பு இரண்டு சிறிய சீட்டுகள். மூன்று இருந்தால் கூட்டாளியிடம் ஒன்றோ ஒன்றுமில்லாமலோ இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று இருந்தால் இரண்டாவது சுற்றில் நாமே வெட்டலாம். இரண்டு இருந்தால் கூட்டாளியிடமும் இரண்டு இருப்பதற்கான சாத்தியம் வந்து நிற்கிறது, முதல் இரண்டு பிடிகளிலேயே ஸ்லாம் செத்துப்போகிறது.

பெரிய சீட்டு அமர்ந்திருக்கும் திசையும் முக்கியம். குறுக்கிட்ட எதிராளிக்கு அடுத்துச் சீட்டுப் போடும் இடத்தில் நம் ராஜா இருந்தால், அவருடைய ஏஸ் விழுந்த பின்பே நாம் முடிவு செய்யலாம். அந்த ராஜா ஒரு பிடிக்குச் சமம். அவருக்கு முன்னால் போட வேண்டிய இடத்தில் இருந்தால், ஏஸ் அதற்கு மேல் காத்திருக்கிறது. மற்ற இனங்களில் விடுபட்ட ராஜாவும் ராணியும்கூடக் குறுக்கிட்டவரிடம் இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர் அமர்ந்திருக்கும் பக்கம் நமக்குச் சாதகமானால், பாதிக்குப் பாதி என்று சொல்லப்படும் ஃபினெஸ் (விடுபட்ட பெரிய சீட்டு இன்ன பக்கம் இருக்கும் என்று நம்பி, அதைவிடச் சிறிய சீட்டால் பிடி எடுக்க முயல்வது) அதைவிடச் சற்று நல்ல வாய்ப்பாகிறது. பாதகமானால் சற்று மோசமாகிறது.

ஏஸ்களை எண்ணும் பிளாக்வுட் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஈஸ்லி பிளாக்வுட் 1933இல் வகுத்த இந்த முறையில் 4 நோ ட்ரம்ப் கேட்டால், கூட்டாளி தன்னிடமுள்ள ஏஸ்களின் எண்ணிக்கையைப் படிப்படியாகச் சொல்வார். புதியவர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போகும். எனக்குத் தெரிந்து அவர்கள் தோற்கும் ஸ்லாம்களில் கணிசமானவை இந்தப் பிடிப்பால் வந்தவை. எத்தனை ஏஸ் என்று இது சொல்லுமே தவிர, எந்த ஏஸ் என்று சொல்லாது. போட்டி ஏலத்தில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது விடைதான். அதிலும் 4 நோ ட்ரம்புக்கு மேல் எதிராளி 5 ஆட்டின் என்று குறுக்கிட்டால், வழக்கமான பதில்களுக்கு இடமே இல்லை. அப்போது டபுள் (எதிராளியின் ஏலம் தோற்றால் அபராதத்தைப் பெருக்கும் அழைப்பு) என்றால் ஏஸ் இல்லை, பாஸ் என்றால் ஒன்று, அடுத்த ஏலமான 5 இஸ்பேட் என்றால் இரண்டு என்று கூட்டாளியோடு முன்பே பேசி வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். பேசி வைக்கவில்லை என்றால் மேசையில் அமர்ந்து கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

பிளாக்வுடைவிடப் பல நேரங்களில் பயன்படும் கருவி, இடம் இருந்தும் நேராக 5 இஸ்பேடுக்குத் தாவுவது. எதிராளி ஆட்டின் கேட்டிருக்கும் ஏலத்தில் இது, ‘மற்றதெல்லாம் என்னிடம் சரியாக இருக்கிறது, ஆட்டினில் முதல் இரண்டு பிடியை இழக்காமல் உன்னால் தடுக்க முடியுமா?’ என்ற ஒற்றைக் கேள்வி. ஏஸோ, ராஜாவோ, ஒற்றைச் சீட்டோ, இனமே இல்லாமலோ இருந்தால் மேலே போகலாம், இல்லாவிட்டால் பாஸ். ஆனால் எதிராளி 5 ஆட்டின் கேட்ட பின் நாம் கேட்கும் 5 இஸ்பேடுக்கு இந்தப் பொருள் கிடையாது. அது வெறும் போட்டி. கூட்டாளி அதை ஸ்லாம் அழைப்பாக எண்ணி ஆறுக்கு ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து.

அப்படியானால் எதிராளி 5 ஆட்டினுக்கே தாவிவிட்டால் ஸ்லாமை எப்படி அணுகுவது? இங்கேதான் பாஸும் டபுளும் புதுப்பொருள் பெறுகின்றன. கையில் வலு நமக்குத்தான் என்பதை ஏலம் ஏற்கனவே நிலைநாட்டியிருந்தால், எதிராளியை டபுள் இல்லாமல் ஆட விடுவது மடமை. எனவே நம்மில் ஒருவர் சொல்லும் பாஸ், ‘முடித்துக்கொள்கிறேன்’ என்று பொருள்படாது. ‘மேலே போக எனக்குச் சம்மதம், நீ முடிவு செய்’ என்றாகிறது. இதை ஃபோர்சிங் பாஸ் என்பார்கள். டபுளோ, ‘எனக்கு ஆட்டினில் வீண் புள்ளி இருக்கிறது அல்லது இரண்டு சிறிய சீட்டு இருக்கிறது, போதும்’ என்ற தடைக்கட்டை. நம் உதாரணத்தில் ஒற்றை ஆட்டின் வைத்திருக்கும் தெற்கு பாஸ் சொல்வார். ஆட்டின் ராஜா, ராணி உள்ள வடக்கு மகிழ்ச்சியோடு டபுள் செய்வார். மூன்று சிறிய ஆட்டின் உள்ள வடக்கு 5 இஸ்பேட் கேட்பார், தெற்கு அதை ஆறாக்கலாம். எந்த ஏலங்களுக்குப் பின் பாஸ் இப்படிக் கட்டாயமாகிறது என்பதைக் கூட்டாளிகள் தெளிவாக வரையறுத்திருக்க வேண்டும். ஒருவர் கட்டாயம் என்று நினைத்து, மற்றவர் அப்படி நினைக்காமல், எதிராளி 5 ஆட்டினை டபுள் இல்லாமல் ஆடிவிட்டுப் போகும் காட்சி எல்லா மன்றங்களிலும் உண்டு.

பாஸின் வேகமும் செய்தியாகிவிடக் கூடாது. நீண்ட நேரம் தயங்கிச் சொன்ன பாஸிலிருந்து கூட்டாளி பயன்பெறுவதை விதிகள் அனுமதிப்பதில்லை.

எவ்வளவு நிச்சயம் இருந்தால் ஆறுக்குப் போகலாம்? எதிராளிகள் அமைதியாக இருக்கும்போது கணக்கு சுலபம். வல்னரபிள் நிலையில் 6 இஸ்பேட் வந்தால் 1430. அதே பன்னிரண்டு பிடியைக் கேமில் எடுத்தால் 680. லாபம் 750. ஒரு பிடி குறைந்து தோற்றால் 100 இழப்பதோடு, கிடைத்திருக்க வேண்டிய 650உம் போகிறது. நட்டமும் 750. எனவே பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தாலே போதும். ஆனால் எதிராளி 5 ஆட்டினில் நிற்கும்போது நாம் ஒப்பிட வேண்டியது கேமோடு அல்ல, டபுளில் கிடைக்கும் அபராதத்தோடு. வல்னரபிள் அல்லாத அவர்கள் நான்கு பிடி குறைந்தால் நமக்கு 800. ஸ்லாம் வந்தால் அதைவிட 630 கூடுதல். தோற்றால் 900 நட்டம். இப்போது ஏறத்தாழ 59 விழுக்காடு நிச்சயம் வேண்டியிருக்கிறது. மேசையில் இதைத் துல்லியமாகக் கணக்கிட வேண்டியதில்லை. அபராதம் கனமாகத் தெரிந்தால் ஸ்லாமுக்கான தகுதியைச் சற்று உயர்த்திக்கொள்ள வேண்டும் என்று நினைவில் வைத்தால் போதும்.

பெரிய ஸ்லாமுக்கு, அணிகள் மோதும்போது புள்ளி வித்தியாசத்தைச் சிறு அலகுகளாக மாற்றும் இம்ப் கணக்கில், எதிராளிகள் அமைதியாக இருந்தாலே ஏறத்தாழ 56 விழுக்காடு தேவை. போட்டி ஏலத்தில் எல்லாவற்றையும் சரிபார்க்க இடம் கிடைப்பதில்லை என்பதால், தொடக்க நிலையில் இருப்பவர்கள் ஏழாம் மட்டத்தை மறந்துவிடலாம் என்பது என் கருத்து.

நாம் ஸ்லாமை அடைந்த பின், முதல் சீட்டுப் போடாத எதிராளி டபுள் செய்தால் ஒரு கணம் நின்று யோசியுங்கள். தியோடர் லைட்னர் 1929இல் வகுத்த முறைப்படி, அது ‘வழக்கமான சீட்டைப் போடாதே, எதிர்பாராத இனத்தைப் போடு’ என்று தன் கூட்டாளிக்குச் சொல்லும் குறிப்பு. பெரும்பாலும் அவரிடம் ஏதோ ஓர் இனம் அடியோடு இல்லை, வெட்டக் காத்திருக்கிறார்.

நம் உதாரணத்துக்குத் திரும்பினால், 6 இஸ்பேடை அடைந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மேற்கிடம் இஸ்பேடில் 9, 2. ஆட்டினில் ஏஸ், ராஜா, ஜாக்கி, 10, 5. டைமண்டில் 10, 8. கிளாவரில் ராணி, ஜாக்கி, 10, 7 இருக்கிறது என்று வையுங்கள். மிச்சம் கிழக்கிடம்: நான்கு ஆட்டினும் இரண்டே புள்ளிகளும். துணிச்சல் மிக்க கிழக்கு 7 ஆட்டின் கேட்கிறார். தெற்கு இங்கே பாஸ் சொன்னால், ஆட்டினில் முதல் பிடியையே தடுப்பேன், ஏழுக்குப் போகலாம் என்று பொருளாகிவிடும். ஒற்றைச் சீட்டு அதற்குப் போதாது. எனவே டபுள். மேற்கு இஸ்பேடில் இரண்டு, டைமண்டில் இரண்டு, கிளாவரில் இரண்டு என ஆறு பிடிகளை இழக்கிறார். அபராதம் 1400. நம் ஸ்லாமின் மதிப்பு 1430.